தொட்டிக்கரியில் சோடியம் பேட்டரி ஆனோடு: முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் போயிடுதே, ஏன்?

தொட்டிக்கரி_காங்கயம் (கேள்வி)

வணக்கங்க. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களத்துத் தொட்டிக்கு, அதாவது தேங்காய்ச் சிரட்டைக்கு, பஞ்சமே இல்லை. சுட்ட கரி பெரும்பாலும் ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்குத்தான் போகுது. அதே கரியை சோடியம் அயான் பேட்டரியின் ஆனோடுக்கான (சார்ஜ் ஏறும்போது சோடியத்தை வாங்கி வெச்சுக்கிற மின்முனை) ஹார்டு கார்பனா, அதாவது சூட்டிலும் கிராஃபைட்டா மாறாத கரியா, மாத்த முடியுமான்னு எங்க யூனிட்டில் பார்க்கிறோம். இப்போதைய செய்முறை இது:

டிரம்மில் சுட்டு, தண்ணி தெளிச்சு அணைச்ச கரி. இடிச்சு, குவார்ட்ஸ் குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் 1100 டிகிரி, 2 மணி நேரம். அப்புறம் நானோ அளவுக்குக் கொண்டுவர ஸ்டீல் ஜாடியில் 10 மணி நேரம் பால் மில். அதுக்கப்புறம் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவெச்சு, போர் தண்ணியில் அலசி, 80 டிகிரியில் காயவெச்சோம்.

எலக்ட்ரோடு: கரி 80, சூப்பர் பி (மின்கடத்தும் கரித்தூள்) 10, பிவிடிஎஃப் (ஒட்டவைக்கிற பைண்டர்) 10, என்எம்பி கரைப்பானில், செப்புத் தகட்டின் மேல். 2032 காயின் செல், எதிர்முனையில் சோடியம் உலோகம், எலக்ட்ரோலைட்டா ஈசி:பிசி கார்பனேட் கரைப்பான் கலவையில் 1 மோலார் சோடியம் பெர்குளோரேட், கண்ணாடி இழை செபரேட்டர்.

முதல் சுற்றில் உள்ளே போனது 410 எம்ஏஎச்/கிராம் (கிராமுக்கு மில்லிஆம்பியர்-மணி), திரும்பி வந்தது 196. அதாவது 48 சதவீதம். பிஇடி பரப்பு (நைட்ரஜன் வாயு ஒட்டுறதை வெச்சு அளக்கிற மேற்பரப்பு) 138 சதுர மீட்டர்/கிராம். வோல்டேஜ் வரைபடத்தில் 0.1 வோல்ட்டுக்குக் கீழ வர வேண்டிய சமதளம் ரொம்பக் குட்டை, மேலே சரிவு மட்டும் நீளம்.

கேட்க வேண்டியது மூணு. மிச்சம் 214 எங்கே போகுது? இன்னும் பொடியா அரைக்கணுமா, ஏன்னா படிக்கிற கட்டுரை எல்லாத்திலயும் நானோ, நானோன்னுதான் இருக்கு. கடைசியா, இங்கே அரிசி ஆலை உமியும் நிறைய. அதிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நானோ சிலிக்கான் எடுக்கிறது நடக்கிற காரியமா?

உலைச்சூடு

பைண்டர், தகடு எல்லாம் அடுத்தவங்க சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு: உங்க வரிசையே தலைகீழா இருக்குதுங்க. முதலில் கழுவணும், அடுத்து அரைக்கணும், உச்ச சூடு கடைசியில். நீங்க சூடு காட்டி, அரைச்சு, அதுக்கப்புறம் கழுவியிருக்கீங்க.

அந்த 214 போன இடம் உங்க பிஇடி எண்ணிலேயே இருக்கு. எலக்ட்ரோலைட் எங்கெல்லாம் கரியைத் தொடுதோ, அங்கெல்லாம் சோடியத்தைத் தின்னு எஸ்ஈஐ படலம் உருவாகும். 138 சதுர மீட்டர் பரப்பு இருந்தா அத்தனைக்கும் படலம் போட்டே ஆகணும். முதல் தடவை இறங்கும்போது 1 வோல்ட்டுக்குக் கீழ ஒரு தோள் மாதிரி தெரிஞ்சு, ரெண்டாம் சுற்றில் அது காணாமப் போயிருக்கும், பாருங்க. நல்ல ஹார்டு கார்பனுக்கு நைட்ரஜன் பிஇடி 10-க்குக் கீழ, முடிஞ்சா 5-க்குக் கீழ இருக்கும்.

நானோ விஷயத்துக்கு வர்றேன். ஹார்டு கார்பனில் நானோ அமைப்பு துகளுக்கு உள்ளே இருக்கணும், துகளே நானோவா இருக்க வேண்டியதில்லை. உள்ளே 1, 2 நானோமீட்டர் அளவில் மூடிய துளைகள், சுற்றிலும் வளைஞ்சு நெளிஞ்ச கிராஃபீன் அடுக்குகள். அடுக்கு இடைவெளி 0.37-லிருந்து 0.40 நானோமீட்டர் வரைக்கும். கிராஃபைட்டுக்கு இது 0.335தான், அதனாலதான் சாதாரண கார்பனேட் எலக்ட்ரோலைட்டில் கிராஃபைட் சோடியத்தைச் சேர்த்துக்கறதே இல்லை. வாய் குறுகின குடம் மாதிரி இருக்கணும் அந்தத் துளை: சோடியம் உள்ளே போகணும், எலக்ட்ரோலைட்டோ நைட்ரஜன் வாயுவோ போகக் கூடாது. 0.1 வோல்ட்டுக்குக் கீழ வர்ற சமதளம் பெரும்பாலும் இந்த மூடிய துளைகள் நிரம்புறதால வர்றதுன்னுதான் இப்போ பலரும் எடுத்துக்கறாங்க. 2000-லேயே ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோஸிலிருந்து செஞ்ச ஹார்டு கார்பனில் 300 எம்ஏஎச்/கிராம் காட்டினப்போ துளை நிரம்புற படத்தைத்தான் வரைஞ்சாங்க. நீங்க சூடு காட்டி உருவாக்கின மூடிய துளையை எல்லாம் 10 மணி நேர மில்லில் உடைச்சு வாயைத் திறந்து விட்டுட்டீங்க. சமதளம் குட்டையானதுக்கும், பரப்பு ஏறினதுக்கும் அது ஒரு காரணம்.

ரெண்டாவது காரணம் பொட்டாசியம். தொட்டியில் சாம்பல் குறைவுதான், நல்ல தொட்டியில் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனா அந்தச் சாம்பலில் பெரும்பங்கு பொட்டாசியம். ஆக்டிவேட்டட் கார்பன் செய்யறவங்க பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுத் துளை திறக்கறாங்க இல்லைங்களா, அதே வேலையை உங்க கரிக்குள்ள இருக்கிற பொட்டாசியம் கார்பனேட் 800 டிகிரிக்கு மேல் தானாவே செய்யுது. சூட்டுக்கு அப்புறம் கழுவி என்ன பயன்? துளை திறந்து முடிஞ்சாச்சு. கழுவினா திறந்த துளை இன்னும் காலியாகும், அவ்வளவுதான்.

தண்ணி தெளிச்சு அணைச்ச கரியும் வேண்டாங்க. செக்கச்செவேல்னு இருக்கிற கரி மேல் தண்ணி விழுந்தா நீராவி கரியைத் தின்னும். மூடி போட்டு, ஓரத்தில் மண் அணைச்சு, காத்து படாம ஆறவிட்ட கரியாக் கேட்டு வாங்குங்க. போர் தண்ணியில் அலசினதும் தப்பு. நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் கரியில் உட்கார்ந்துக்கும். சிறுவாணித் தண்ணி கிடைச்சாலும் குடிக்கிறதோட நிறுத்திக்கோங்க. இதுக்கு டிஅயனைஸ்டு தண்ணிதான்.

மாத்தின முறை:

1. கரியில் நார், மண், பாதி வெந்த பழுப்புத் துண்டு எல்லாம் பொறுக்கி எறிஞ்சிட்டு, 1 மில்லிமீட்டருக்குக் கீழ உடைங்க.

2. 100 கிராம் கரிக்கு 1 லிட்டர் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 70 டிகிரி, கிளறியபடி 5, 6 மணி நேரம். வடிகட்டி, சூடான டிஅயனைஸ்டு தண்ணியில் திரும்பத் திரும்ப அலசுங்க. பிஎச் தாளை மட்டும் நம்பாதீங்க. வடிநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டா வெள்ளையாக் கலங்கக் கூடாது. கலங்கினா குளோரைடு இன்னும் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் 120 டிகிரியில் ராத்திரி முழுக்கக் காயட்டும்.

3. சிர்கோனியா ஜாடி, சிர்கோனியா குண்டு. எடையில் குண்டு 10 பங்குக்குப் பொடி 1 பங்கு. 300 சுற்று வேகத்தில் 15 நிமிஷம் ஓட்டம், 15 நிமிஷம் ஓய்வு, ஓட்டம் மட்டும் மொத்தம் 2 மணி நேரம். 400 மெஷ்ஷில் சலிங்க, அதாவது 38 மைக்ரானுக்கு மேல் எதுவும் கூடாது. சராசரி 5-லிருந்து 10 மைக்ரான் வந்தாப் போதும். ஸ்டீல் ஜாடியில் இந்தக் கரியை அரைச்சா இரும்புத்தூள் கலந்துடும். உங்க பழைய பொடி மேல் ஒரு நல்ல காந்தத்தைப் பிடிச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

4. உலை. அலுமினா குழாய், ஆர்கான் 99.999 சதவீதம். மூணு தடவை வேக்கம் இழுத்து ஆர்கான் நிரப்புங்க. படகில் பொடி 1 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம், இல்லாட்டி கிளம்புற வாயு அடியிலேயே தங்கி, அங்கேயே கரியைத் தின்னும். நிமிஷத்துக்கு 3 டிகிரி வீதம் 600 வரைக்கும், அங்கே 1 மணி நேரம். மறுபடி 3 டிகிரி வீதம் 1300, அங்கே 2 மணி நேரம். ஏறுறதுக்கு மட்டுமே 7 மணி நேரம் ஆகும், அவசரப்பட்டா அலுமினா குழாய் விரிசல் விடும். இறங்கும்போதும் ஆர்கான் ஓடிக்கிட்டே இருக்கணும். 100 டிகிரிக்குக் கீழ வந்த பிறகுதான் திறக்கணும்.

5. வெளியே எடுத்த பிறகு அரைக்கவே கூடாது. கட்டி இருந்தா கல்வத்தில் லேசா உடைச்சு, சலிச்சு, சூடு ஆறும் முன்னே மூடி வைங்க.

1100-ல் ஏன் போதாதுன்னா, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இன்னும் கரியில் ஒட்டிக்கிட்டிருக்கும், துளை வாய் மூடியிருக்காது. 1300, 1400-க்குப் போகும்போது அடுக்குகள் ஒழுங்காகி, சின்னத் திறப்புகள் மூடி, சமதளம் நீளுது. 1600 தாண்டினா சரிவுப் பகுதி சுருங்கி, பொதுவா மொத்தமும் குறைய ஆரம்பிக்கும். இந்த முறையில் 280-லிருந்து 320 எம்ஏஎச்/கிராம், முதல் சுற்றில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

படகின் மேல்மட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரிஞ்சா உலையில் காத்துக் கசிவு இருக்குன்னு அர்த்தம். அந்தப் பொடியை செல்லில் போடாதீங்க. ஃபிளாஞ்ச் ஓ-ரிங்கைத்தான் முதலில் பாருங்க.

செல்_மேசை

உலைச்சூடு அண்ணன் சொன்னதுதான் பிரதானம். ஆனால் நல்ல கரியையும் தப்பான எலக்ட்ரோடு கெடுத்துவிடும் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிவிடிஎஃப்பை விடுங்கள். சோடியத்தோடு குறைந்த வோல்டேஜில் அது நிலையாக இருப்பதில்லை, ஃபுளோரின் இழந்து சிதைகிறது. சோடியம் சிஎம்சி (செல்லுலோஸ் பைண்டர்) போதும். தண்ணீரில் கரையும், விலை குறைவு, முதல் சுற்று எஃபிஷியன்சியும் (உள்ளே போனதில் திரும்பி வரும் பங்கு) சில புள்ளிகள் கூடும்.

செப்புத் தகடும் தேவையில்லை. லித்தியம் அலுமினியத்தோடு கலவை உலோகமாகிவிடும், சோடியம் ஆகாது. அதனால் ஆனோடுக்கும் அலுமினியத் தகடே போதும். சோடியம் பேட்டரியின் பெரிய விலைச் சலுகைகளில் ஒன்று இது.

சூப்பர் பி 10 சதவீதம் அதிகம். அதன் பரப்பு கிராமுக்கு 62 சதுர மீட்டர். உங்கள் இப்போதைய கரிக்கு 138 என்பதால் அது கண்ணில் படாது. கரியை 5-க்குக் கொண்டுவந்த பிறகு கணக்குப் போடுங்கள்: 90-க்கு 5 பங்கு சூப்பர் பி போட்டால், ஒரு கிராம் கரிக்கு அதிலிருந்தே 3.4 சதுர மீட்டர் வருகிறது. கரியின் சொந்தப் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவு. 1300 டிகிரி கரியே ஓரளவு மின்கடத்தி, ஆகவே 5 பங்கில் தொடங்கி 2, 3 வரை குறைத்துப் பாருங்கள்.

சிறு கலவைக்கு அளவு: ஹார்டு கார்பன் 1.8 கிராம், சூப்பர் பி 0.1 கிராம், 2 சதவீத சிஎம்சி கரைசல் 5 கிராம். சிஎம்சியை முந்தைய நாளே தண்ணீரில் போட்டுக் கிளறி வைத்துவிடுங்கள், அவசரத்தில் போட்டால் மீன்கண் மாதிரி கட்டிகள் நிற்கும். சூப்பர் பியை முதலில் கரைசலில் கலந்து, பிறகு கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். டாக்டர் பிளேடு (பூச்சைச் சீராக இழுக்கும் கத்தி) இடைவெளி 150 மைக்ரான் வைத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் கரி உட்காரும். உலர்ந்ததும் விரிசல் விட்டால் சிஎம்சியில் பாதியை எஸ்பிஆர் (ரப்பர்) பாலாக மாற்றுங்கள். எஸ்பிஆரைக் கடைசியில் போட்டு மெதுவாகக் கிளறுங்கள், வேகமாகக் கிளறினால் திரிந்துபோகும்.

60 டிகிரியில் உலர்த்தி, வட்டம் வெட்டி, வேக்கத்தில் 120 டிகிரியில் 12 மணி நேரம். நீங்கள் சொன்ன 80 டிகிரி போதவே போதாது. துளையுள்ள கரி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அந்த ஈரமும் முதல் சுற்றில் சோடியத்தைத் தின்னும். உலர்ந்த வட்டத்தை வெளிக்காற்றில் நிறுத்தாமல் நேராக குளோவ் பாக்ஸுக்கு (ஈரமில்லாத வாயு நிரப்பிய மூடிய பெட்டி) கொண்டுபோங்கள்.

எடை பார்ப்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். 12 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். 16 மைக்ரான் அலுமினியத் தகடு மட்டுமே அதில் 4.9 மில்லிகிராம், பூச்சு சுமார் 3.1. தகட்டு எடையில் 0.1 மில்லிகிராம் மாறினாலே எம்ஏஎச் கணக்கில் 3 சதவீதத்துக்கு மேல் பிழை. அதே தகட்டின் பூசாத ஓரத்திலிருந்து பத்து வட்டம் வெட்டி, 0.01 மில்லிகிராம் காட்டும் தராசில் எடை போட்டு, சராசரியைக் கழியுங்கள்.

எலக்ட்ரோலைட்: பெர்குளோரேட்டை விட சோடியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்ஃபேட் நல்லது. ஈசி:டிஇசி கலவையில் 1 மோலார். டைகிளைம் கரைப்பானில் போட்டால் எஃபிஷியன்சி இன்னும் ஏறும், சோடியம் உலோகமும் அமைதியாக இருக்கும். ஆனால் ஈதர் என்பதால் உயர் வோல்டேஜ் கேத்தோடோடு (முழு செல்லில் ஆனோடுக்கு மறுமுனை) ஒத்துவராது. கரியின் தரத்தை மட்டும் பார்க்க டைகிளைம் ஒரு செல், கார்பனேட் ஒரு செல் என்று இரண்டையும் போடுங்கள். இரண்டிலும் எஃபிஷியன்சி மோசமாக இருந்தால் தப்பு கரியில். கார்பனேட்டில் மட்டும் மோசமென்றால் கரைப்பானின் ஈரத்தையும் சோடியம் முகத்தையும் பாருங்கள்.

சோடியத்தைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெயில் கிடக்கும் கட்டியின் மேல்தோலை ஆறு பக்கமும் சீவி, ஹெக்ஸேனில் கழுவி, பளபளவென்று இருக்கும்போதே தட்டையாக்கி உடனே செல்லில் வையுங்கள். மங்கலான சோடியம் 30, 50 மில்லிவோல்ட் கூடுதல் தடையை உண்டாக்கும். ஹார்டு கார்பனின் சமதளமே பூஜ்யத்துக்கும் 0.1 வோல்ட்டுக்கும் நடுவில்தான். தடை அதில் பாதியைத் தின்றுவிட்டால், சைக்ளர் (செல்லை ஏற்றி இறக்கும் கருவி) வெட்டு வோல்டேஜ் வந்துவிட்டது என்று சீக்கிரமே நிறுத்திவிடும். கரியில் இடம் இருந்தும் எண் குறைவாகத் தெரியும். முதல் மூன்று சுற்றுகளை கிராமுக்கு 15 மில்லிஆம்பியரில் ஓட்டுங்கள், உங்கள் வட்டத்துக்கு அது 0.042 மில்லிஆம்பியர். வோல்டேஜ் எல்லை 0.005-லிருந்து 2.0. இந்த மெதுவான ஓட்டத்தில் கொள்ளளவு திடீரென்று ஏறினால், தப்பு பெரும்பாலும் சோடியம் பக்கம்தான்.

தொட்டிக்கரி_காங்கயம்

ரொம்ப நன்றிங்க அண்ணா, ரெண்டு பேருக்கும். காந்தத்தில் தூள் ஒட்டுது, உண்மைதான். மூணு சந்தேகம். எங்க உலை 1200 வரைக்கும்தான், குழாய் குவார்ட்ஸ். குழாயின் குளிர்ந்த முனையில் வெள்ளையும் மஞ்சளுமா ஒரு படிவு இருக்கு, அதை அமிலம் விட்டுக் கழுவலாமா? இன்னொண்ணு, பழைய கரியில் கழுவாத பொடியை வெச்சு சிஎம்சி கலந்து அலுமினியத்தில் பூசிப் பார்த்தோம், பூச்சில் ஊசிக் குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா வருது.

உலைச்சூடு

படிவைத் தொடாதீங்க. அமிலம் விடவே விடாதீங்க.

கழுவாத கரியில் பொட்டாசியம் இருக்கு, சுற்றிலும் நைட்ரஜன், சூடு 1100. பொட்டாசியம் கார்பனேட், கரி, நைட்ரஜன் மூணும் அந்தச் சூட்டில் சேர்ந்தா பொட்டாசியம் சயனைடு உருவாக வழி இருக்கு. இரும்பு உருக்கும் ஊதுலைகளில் நல்லாத் தெரிஞ்ச விஷயம் இது. உங்க படிவில் அது இருக்குதோ இல்லையோ, இருக்குன்னே எடுத்துக்கணும். அமிலம் பட்டா ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். உலோகப் பொட்டாசியம் கொஞ்சம் படிஞ்சிருந்தாலும் ஈரத்தில் தீப்பிடிக்கும். உலை முழுசா ஆறினதும் ஃபியூம் ஹூடில், கையுறை, கண்ணாடியோட, காரத்தன்மையுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை நிறைய எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஊறவைக்கணும். தனியா ஒருத்தரா நின்னு செய்யாதீங்க. கழிவை சாக்கடையில் விடாம, அபாயக் கழிவா ஒப்படைக்கணும். கல்லூரி வேதியியல் துறை ஆய்வகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் யாரையாவது கூட வெச்சுக்கிட்டு செய்யறதுதான் சரி. இனிமே கழுவின கரி, ஆர்கான். இந்த ரெண்டில் சமரசம் வேண்டாம்.

குவார்ட்ஸ் குழாயும் இதுக்குத் தாங்காதுங்க. பொட்டாசியம் ஆவி பட்டா குவார்ட்ஸ் உள்பக்கம் வெள்ளை பூத்து, படிகமாகி, ஆறும்போது உதிரும். 1100-க்கு மேல் தொடர்ந்து வெச்சா தொய்வும் வரும். கடைசிச் சூட்டுக்கு மட்டும் 1400 போற அலுமினா குழாய் உலை உள்ள இடத்தில் நேரம் வாங்குங்க. 600 டிகிரி வரைக்கும் உங்க உலையிலேயே முடிச்சுக் கொண்டுபோனா தார் எல்லாம் உங்க பக்கமே வெளியேறிடும். உயர்சூட்டு உலை வெச்சிருக்கிறவங்க பயப்படறதே தாருக்குத்தான். 250-லிருந்து 450 டிகிரிக்குள்ள அது கொட்டும், வெளிக்குழாய் அடைச்சுக்கும். பப்ளருக்கு (வெளியேறுற வாயு குமிழிடுற எண்ணெய்க் குடுவை) முன்னாடி ஒரு வெறும் குடுவை வைங்க, ஆறும்போது எண்ணெய் குழாய்க்குள்ள திரும்ப ஏறாம இருக்கும்.

ஊசி ஓட்டையும் அதே பொட்டாசியம்தான். கழுவாத கரி கலவையைக் காரமாக்குது. பிஎச் 9-ஐத் தாண்டினா அலுமினியத்தின் மேல் இருக்கிற ஆக்சைடு கரைஞ்சு, ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும். அந்தக் குமிழ் உடைஞ்ச இடம்தான் ஓட்டை. கலவையின் பிஎச் 7, 8-ல் நிக்கட்டும்.

உமிச்சாம்பல்

உங்க மூணாவது கேள்விக்கு யாரும் வரலை, அதனால நான்.

நடக்கிற காரியம்தானுங்க, ஆனா பாய்லர் சாம்பலை எடுக்காதீங்க. உமி எடையில் 15-லிருந்து 20 சதவீதம் சிலிக்கா. அரிசி ஆலை பாய்லரில் சூடு கட்டுப்பாடில்லாம ஏறி, சிலிக்காவில் ஒரு பங்கு படிகமாகிடும், எரியாத கரியும் கலந்திருக்கும். உமியை எடுத்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் கொதிக்கவெச்சு, அலசி, காத்தில் 600 டிகிரியில் 3 மணி நேரம் எரிச்சா வெள்ளை வெளேர்னு படிகமில்லாத சிலிக்கா வரும். அமிலம் காட்டாம எரிச்சா பொட்டாசியம் சிலிக்காவை உருக்கி, கரியை உள்ளே சிறைப்பிடிச்சுக்கும். சாம்பல் சாம்பல் நிறமாவே நிக்கும்.

அதுக்கப்புறம் மெக்னீசியம். சிலிக்கா 1 கிராமுக்கு மெக்னீசியம் தூள் 0.81 கிராம், நல்லாக் காய்ஞ்ச சாதா உப்பு 10 கிராம். உப்பு எதுக்குன்னா, இந்த வினை தானாவே பெரிய சூடு கிளப்பும். உப்பு 801 டிகிரியில் உருகி அந்தச் சூட்டை வாங்கிக்கலைன்னா, உமிக்கு இயற்கையா இருக்கிற நானோ அமைப்பு முழுக்க உருகி, ஒட்டி, கட்டியாகிடும். ஆர்கானில் மூடின ஸ்டீல் கலத்தில் 650 டிகிரி, 3 மணி நேரம். நைட்ரஜன் வேண்டாம், மெக்னீசியம் அதோடயும் சேரும்.

ஆறினதும் தண்ணியில் உப்பைக் கரைச்சுட்டு, பனிக்கட்டியில் வெச்ச பாத்திரத்தில் 1 மோலார் அமிலத்தை சொட்டுச் சொட்டா விடுங்க. கலவையில் மெக்னீசியம் சிலிசைடு கொஞ்சமாவது இருக்கும், அமிலத்தில் அது சிலேன் வாயுவாகி, காத்துப் பட்டதும் பொட்டுப் பொட்டுன்னு தீப்பிடிக்கும். ஃபியூம் ஹூடு இல்லாம இதைத் தொடக் கூடாது. மிச்சமிருக்கிற சிலிக்காவுக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்னு கட்டுரைகளில் போட்டிருக்கும். உங்க யூனிட்டில் அதைக் கொண்டுவராதீங்க. உடம்பில் பட்டா எலும்பு வரைக்கும் போற விஷம். மிச்ச சிலிக்காவோடயே விட்டுடலாம். 1 கிராம் சிலிக்காவுக்கு அதிகபட்சம் 0.47 கிராம் சிலிக்கான். கையில் வர்றது அதைவிடக் குறைவுதான்.

சிலிக்கானில்தான் துகள் நானோவா இருக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு. லித்தியம் ஏறினா சிலிக்கான் கிட்டத்தட்ட 4 மடங்கு ஊதும். சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழ இருந்தா வெடிக்காமத் தாங்கும், அதுக்கு மேல் உடைஞ்சு பொடியாகும். கிராஃபைட்டின் 372-க்கு எதிரா 3579 எம்ஏஎச்/கிராம்னு படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நானோ துகளின் பரப்புக்கு எஸ்ஈஐ போட லித்தியம் போகும், ஒவ்வொரு தடவை ஊதும்போதும் படலம் கிழிஞ்சு மறுபடி போடணும். அதனால தனியாப் பூசாதீங்க. கிராஃபைட்டில் 5, 10 சதவீதம் கலந்து, சிஎம்சி எஸ்பிஆர் பைண்டரில், எலக்ட்ரோலைட்டில் 10 சதவீதம் எஃப்இசி (படலத்தை உறுதியாக்குற சேர்மம்) சேர்த்துப் பாருங்க. இங்கே தகடு செப்பாத்தான் இருக்கணும், இது லித்தியம். சோடியம் பேட்டரிக்கு சிலிக்கான் கிட்டத்தட்ட உதவவே உதவாது, ரெண்டையும் ஒரே செல்லில் கலக்க நினைக்காதீங்க.

என் கருத்து: ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிக்காதீங்க. தொட்டிக்கரிக்கு ஒரு உலையும் கழுவுற தொட்டியும் இருந்தா ஓடும். சிலிக்கானுக்கு ஒவ்வொரு படியிலும் ஆபத்து இருக்கு.

கீழ்பவானி

பிஇடி பற்றி ஒரு கூடுதல் குறிப்பு. 77 கெல்வினில் நைட்ரஜன் மிகச் சிறிய துளைக்குள் மெதுவாகத்தான் நுழையும். 1300-ல் எடுத்த கரிக்கு 4 சதுர மீட்டர் வந்ததும் எல்லாம் மூடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். 273 கெல்வினில் கார்பன் டை ஆக்சைடு ஏற்பையும் பாருங்கள். நைட்ரஜனில் 4, கார்பன் டை ஆக்சைடில் சில நூறு என்று வந்தால் துளைவாய் இன்னும் முழுதாக மூடவில்லை, 50, 100 டிகிரி ஏற்றலாம். ஹீலியம் அடர்த்தியும் கைகொடுக்கும். கிராஃபைட்டுக்கு 2.26, மூடிய துளை நிறைந்த கரிக்கு 2-க்குக் கீழே வரும்.

முதல் சுற்று எஃபிஷியன்சியை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறோம் என்று உங்கள் முதலீட்டாளர் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முழு செல்லில் சோடியம் வருவது கேத்தோடிலிருந்து மட்டும். கிராமுக்கு 110 எம்ஏஎச் தரும் சோடியம் வெனேடியம் பாஸ்ஃபேட் கேத்தோடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இப்போதைய கரி 1 கிராமுக்கு 410-ஐக் கொடுக்க 3.7 கிராம் கேத்தோடு வேண்டும், திரும்பக் கிடைப்பது 196. திருத்திய கரி 88 சதவீதத்தில் 300 தந்தால், முதலில் 341 கொடுத்தால் போதும், கேத்தோடு 3.1 கிராம். குறைந்த கேத்தோடில் ஒன்றரை மடங்கு வேலை. கரியின் விலை இதில் ஒரு மூலைக்கு வராது. ஒரு கிலோ கரியில் கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது, ஒவ்வொரு லோடும் ஒரே மாதிரி இருக்காது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தொட்டி, காங்கயம் களத்துத் தொட்டி, முற்றியது, முற்றாதது எல்லாம் ஒரே டிரம்மில் சுட்டுத்தான் வரும். லோடு இறங்கியதும் இரண்டு சோதனை. 10 கிராம் கரிப்பொடியை 100 மில்லி டிஅயனைஸ்டு தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியதும் பிஎச் பாருங்கள். 10-ஐத் தொட்டால் அந்த லோடை இரண்டு முறை அமிலத்தில் கழுவ வேண்டும். பிறகு 5 கிராம் கரியைத் திறந்த குரூசிபிளில் 750 டிகிரியில் 6 மணி நேரம் எரித்து சாம்பலை எடை போடுங்கள். 0.1 கிராமுக்கு மேல் நின்றால், அதாவது 2 சதவீதம் தாண்டினால், கரியில் மண் கலந்திருக்கிறது. மண்ணில் உள்ள சிலிக்கா ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போகாது. அந்த லோடை ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்கே அனுப்பிவிட்டு, வேறு லோடு கேளுங்கள்.